22-ஆம் குரோமோசோமில் பிறந்த மாத்திரை

மருத்துவமனைகளில் சுருக்கமாக சி.எம்.எல். என்று சொல்லப்படும் ரத்தப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படுவது இமாட்டினிப் மாத்திரை. நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு வழக்கம்போல் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். 30 ஆண்டுகளுக்கு முன் இதே நோய் வந்தவர்களுக்கு இப்படி ஒரு வாழ்க்கை வாய்க்கவில்லை.

எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் இந்த நோய். மண்ணீரல் வீங்கி வயிற்றின் இடப்பக்கம் கனக்கும். சில ஆண்டுகள் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும் நோய் ஒரு கட்டத்தில் சட்டென்று முற்றி உயிரைப் பறித்துவிடும். புசல்ஃபான், ஹைட்ராக்ஸியூரியா மாத்திரைகள் அணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. ஆனால் முடிவை மாற்றவில்லை. பின்னால் வந்த இன்டர்ஃபெரான் ஊசி சிலருக்குக் கைகொடுத்தது. அதையும் காய்ச்சலோடும் உடல்வலியோடும்தான் தாங்க வேண்டியிருந்தது. மஜ்ஜை மாற்று சிகிச்சை குணப்படுத்தக்கூடியது என்றாலும், பொருத்தமான கொடையாளி கிடைத்து, சிகிச்சையின் ஆபத்தையும் தாண்ட வேண்டும்.

இமாட்டினிப் 2001-இல் விற்பனைக்கு வந்தது. அதன் வேர் 1950-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் நோவெல் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் ரத்தப் புற்றணுக்களை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டில் இருந்த அணுக்களை அவர் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசினார். உப்பில்லாத தண்ணீர் உள்ளே புகுந்ததும் அணுக்கள் உப்பின. ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த குரோமோசோம்கள் விலகிப் பரவி, தனித்தனியாகக் கண்ணில் பட்டன. நோவெலுக்குக் குரோமோசோம்களில் பயிற்சி கிடையாது. ஆனால் பார்த்ததை அவர் தள்ளிவிடவில்லை. தெரிந்தவரைத் தேடிப் போனார். அப்படிக் கிடைத்தவர்தான் டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற ஆய்வு மாணவர். இருவரும் சி.எம்.எல். நோயாளிகளின் அணுக்களைப் பார்த்தபோது, ஒரு குரோமோசோம் இருக்க வேண்டிய அளவைவிடக் குட்டையாக இருந்தது. ஒரு நோயாளியிடம் மட்டும் அல்ல, அடுத்தடுத்த நோயாளிகளிடமும் அதே குட்டைதான். 1960-இல் அவர்கள் வெளியிட்ட அறிவிப்பு சில பத்திகளே கொண்டது. அந்தக் குட்டைக்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்ற பெயர் நிலைத்தது.

அது காரணமா, விளைவா என்ற கேள்வி அன்றே எழுந்தது. புற்றணுக்களில் குரோமோசோம்கள் உடைந்தும் கலைந்தும் கிடப்பது அப்போதும் தெரிந்த சங்கதிதான். நோய் வந்ததால் அவை கலைந்தன என்பதே பெரும்பாலோர் எண்ணம். விளைவு என்றால் அதை வைத்து நோயை அடையாளம் காணலாம், அவ்வளவுதான். காரணம் என்றால் அதையே குறிவைத்து மருந்து செய்யலாம். இமாட்டினிப்பின் கதை முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான் என்பது என் எண்ணம்.

அந்தப் பதிலில் பெரும்பங்கு சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரௌலிக்கு உரியது. நான்கு மகன்களை வளர்த்தபடி வாரத்தில் சில நாட்கள் மட்டும் வேலைக்குப் போன மருத்துவர் அவர். 1970-களின் தொடக்கத்தில் குரோமோசோம்களில் பட்டை பட்டையாகத் தெரியும்படி சாயமேற்றும் முறை வந்திருந்தது. அதுவரை நீளத்தை வைத்துக் குத்துமதிப்பாக இனம் கண்ட குரோமோசோம்களை இனி அவற்றின் பட்டைகளை வைத்து உறுதியாகச் சொல்லலாம். ரௌலி நுண்ணோக்கியில் எடுத்த படங்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு குரோமோசோமாகக் கத்தரித்து, ஜோடி ஜோடியாக அடுக்குவார். தும்மினால் பறந்துவிடும் துண்டுகள் அவை. பிள்ளைகளிடம் பக்கத்தில் வந்து தும்ம வேண்டாம் என்பாராம். அந்த மேசையில்தான் அவர் கண்டார்: குட்டையாகியிருந்த 22-ஆம் குரோமோசோமில் காணாமல் போன துண்டு தொலைந்துவிடவில்லை. 9-ஆம் குரோமோசோமின் நுனி வழக்கத்தைவிட நீண்டிருந்தது. இரண்டும் தங்கள் நுனிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தன. 1973-இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. பலரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால் ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியின் மிகப் பெரிய தருணங்களில் அந்தச் சாப்பாட்டு மேசைக்கு ஓர் இடம் உண்டு. குரோமோசோம் சிதைவு கண்மூடித்தனமானதல்ல, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட மாற்றம் குறிப்பிட்ட நோயைத் தருகிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ரௌலி.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த இணைப்பில் என்ன நடக்கிறது என்பது தெளிவானது. 9-ஆம் குரோமோசோமில் ஏபிஎல் என்ற மரபணு இருக்கிறது. அது உருவாக்கும் புரதம் ஒரு கைனேஸ் நொதி. ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறு புரதத்தில் ஒட்டுவது அதன் வேலை. அணு பெருக வேண்டும் என்ற உத்தரவு அப்படித்தான் நகர்கிறது. நலமான அணுவில் உத்தரவு வந்தால்தான் அது இயங்கும். இடமாற்றத்தில் ஏபிஎல் போய் 22-ஆம் குரோமோசோமின் பிசிஆர் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிப் பிறந்த புரதம் யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. 1990-இல் ஜார்ஜ் டேலியும் கூட்டாளிகளும் இந்த ஒட்டு மரபணுவை எலிகளின் மஜ்ஜை அணுக்களில் புகுத்தினார்கள். எலிகளுக்கு அதே நோய் வந்தது. காரணமா, விளைவா என்ற கேள்வி அந்த ஆய்வில் பெருமளவு தீர்ந்தது.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா-கைகி நிறுவனத்தில் அலெக்ஸ் மாட்டரும் நிக் லைடனும் கைனேஸ்களை முடக்கும் வேதிப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அணுவில் நூற்றுக்கணக்கான கைனேஸ்கள் உண்டு, எல்லாமே ஏ.டி.பி.யைப் பிடிப்பவை. ஒன்றை மட்டும் முடக்க முடியாது, மற்றவையும் நின்று நோயாளியே செத்துப்போவார் என்ற அச்சம் பரவலாக இருந்தது. வேதியியலாளர் யூர்க் சிம்மர்மன் அவர்களுக்குக் கிடைத்த மூலக்கூறில் ஒரு சிறிய மெத்தில் தொகுதியைச் சேர்த்தார். வேறொரு கைனேஸின் மேல் அதற்கிருந்த பிடி விட்டுப்போனது. இன்னொரு தொகுதியைச் சேர்த்தபோது அது தண்ணீரில் கரைந்தது, வாய்வழி கொடுக்கக்கூடியதானது.

பாஸ்டனில் இந்தப் புரதத்தை ஆராய்ந்த பிரையன் ட்ரக்கர் 1993-இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்துக்கு இடம் மாறினார். லைடன் அனுப்பிய மூலக்கூறுகளில் ஒன்றை, பின்னாளில் இமாட்டினிப் ஆனதை, நோயாளிகளின் அணுக்களில் சோதித்தார். சி.எம்.எல். அணுக்கள் மடிந்தன, நலமானவை பெரும்பாலும் தப்பின. 1996-இல் முடிவுகள் வெளியாகின. ஆனால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்கே வரும் நோய். நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஈரல் பாதிப்பும் தெரிந்தது. நிறுவனம் தயங்கியது, அதற்குள் சாண்டோஸோடு இணைந்து நோவார்ட்டிஸ் ஆனது. நோயாளிகளை நேரில் பார்த்துக்கொண்டிருந்த ட்ரக்கர் விடவில்லை. 1998 ஜூனில் முதல் நோயாளி மருந்தை விழுங்கினார். ஆரம்ப அளவு வெறும் 25 மில்லிகிராம். இன்டர்ஃபெரானும் கைகொடுக்காதவர்கள்தான் அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டார்கள். 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை முழுமையாகச் சீரானது. சோதனையில் இடம் கேட்டு நோயாளிகள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 2001 மே 10 அன்று அமெரிக்க அரசு அனுமதி அளித்தது.

சிலருக்கு நோய் திரும்பியது. சார்லஸ் சாயர்ஸின் குழு அவர்களுடைய அணுக்களைத் துருவியபோது, அதே ஒட்டு மரபணுவில் ஒற்றை எழுத்து மாறி, மருந்து அமர வேண்டிய இடம் கெட்டுப்போயிருந்தது. தப்பிக்கும்போதுகூடப் புற்றுநோய் அந்தப் புரதத்தை விட்டு விலகவில்லை. அதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை. அந்த மாற்றங்களையும் மீறிப் பிடிக்கும்படி டசாட்டினிப், நிலோட்டினிப், பின்னர் போனாட்டினிப் வந்தன. இமாட்டினிப்பைத் தொடக்கத்திலேயே பெற்றவர்களைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்த பெரிய சோதனையில், 10 ஆண்டு முடிவில் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

பலர் ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்க வேண்டிய மருந்து இது. அதனால் அதன் விலையும் சிகிச்சையின் பகுதிதான்; இந்தியாவில் அந்த விலையைத் தொட்ட காப்புரிமை வழக்கு சென்னையில் தொடங்கியது. மருந்தின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. தெரிந்த பொருளின் புது வடிவம் என்பது மட்டும் போதாது, நோயைத் தீர்க்கும் திறன் கூடியிருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்ற நிறுவனத்தின் வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று காப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. அப்போது நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் ஏறக்குறைய 1.2 லட்சம் ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்களுடையதற்கு 8,000 முதல் 10,000 ரூபாய்தான் ஆனது. நோவார்ட்டிஸ் பல ஆயிரம் பேருக்கு இலவசமாகவும் கொடுத்தது, அதை மறைப்பது நியாயமல்ல. ஆனால் கொடுப்பவர் மனம் மாறினால் கொடை நின்றுவிடும். கட்டுப்படியாகும் விலை அப்படி ஒருவர் மனத்தை நம்பி இருப்பதில்லை. அந்தத் தீர்ப்பைச் சரியென்று நான் கருதுவது அதனால்தான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் இமாட்டினிப்பைத் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.