முருகைக்கல்லும் கண்ணாடித் தொட்டியும்

காங்கேசன்துறை என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழுவது சீமெந்து. 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை, 1990இல் போரின் காரணமாக மூடப்படும் வரை, அவ்வூரின் நிலத்தைத் தோண்டியே நாட்டுக்குச் சீமெந்து அளித்தது. சமயப் பற்றுடையோருக்கோ, மாவிட்டபுரத்துக்குரிய காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறை அது என்ற ஐதிகமே முன்னிற்கும். இவ்விரண்டுக்கும் நெடுங்காலம் முற்பட்ட வரலாறு ஒன்று அவ்வூரின் கல்லுக்கு உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமான சுண்ணாம்புக்கல், மயோசீன் காலத்துக் கடலடியிற் படிந்தது. சிப்பிகளும் முருகைகளும் கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்களும் விட்டுச்சென்ற ஓடுகளும் கூடுகளும் இறுகியே அந்நிலம் ஆயிற்று. கரையை விட்டுச் சற்றே இறங்கினால், அதே தொழிலை இன்றும் செய்துகொண்டிருக்கும் முருகைகள் நீருக்கடியில் இருக்கின்றன.

இந்த முருகைக்கல்லை மனிதன் தெரிந்தெடுத்த முறைகள் காலத்துக்குக் காலம் மாறின. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்திலே கோட்டை கட்டியபோது அதன் மதில்களுக்கு முருகைக்கல் பயன்பட்டது. நெடுந்தீவில் வேலிக்குப் பதிலாக முருகைக்கற்களை அடுக்கி வைத்த எல்லைச் சுவர்களை இன்றும் காணலாம். சூளையில் இட்டுச் சுட்டால் அது சுண்ணாம்பாகும். வீட்டுச் சுவருக்கும் அதுவே, வெற்றிலைக்கும் அதுவே. கொத்தன் பார்த்தது கல்லின் பருமனை. சூளைக்காரன் பார்த்தது அது வெந்து நீறும் தன்மையை. உயிரோடிருக்கும் முருகையை உயிரோடே வைத்திருப்பதற்காகத் தெரிந்தெடுக்கும் வழக்கம் மிகப் பிற்பட்டது. அது கண்ணாடித் தொட்டியோடு வந்த வழக்கம்.

முருகை ஓர் உயிர் என்ற செய்தியே ஒரு பாத்திரத்துக் கடல்நீரிலிருந்துதான் வெளிப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மார்செய் நகரத்து மருத்துவரான பெய்சொனெல், மத்தியதரைக் கடற் பவளத்தைக் கடல்நீர் நிறைந்த பாத்திரங்களில் வைத்துப் பார்த்தார். அதுவரை அறிஞர்கள் அதன் மேற்பரப்பில் விரிந்தவற்றைப் பூக்கள் என்றே எண்ணியிருந்தனர். தொட்டவுடன் சுருங்கி, ஆறுதலாக மீண்டும் விரியும் அவை பூக்களல்ல, சிறு விலங்குகளே என்று அவர் துணிந்தார். பாரிசிலிருந்த பேரறிஞர் றெயோமூர் அதனை ஏற்கவில்லை. நண்பருக்கு நகைப்பு நேரலாகாது என்று கருதி, 1727இல் அக்கருத்தை எடுத்துரைத்தபோது பெய்சொனெலின் பெயரைக்கூட அவர் மறைத்துவிட்டார். கருணை சில வேளைகளில் இவ்வளவு கொடிதாகவும் இருக்கும். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளின் பின்னரே றெயோமூர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

விலங்கு என்று அறிந்தபின் அடுத்த ஐயம் உணவைப் பற்றியது. 1928-29இல் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைத்தொடருக்குச் சென்ற ஆய்வுக் குழுவின் தலைவர் யோங், முருகைகளை ஒளி புகாப் பெட்டிகளில் அடைத்து வைத்துப் பார்த்தார். அவற்றின் உடலினுள்ளே வாழும் அல்காக்கள் வெளியேறின. முருகைகளோ உடனே மடியவில்லை. ஆகவே முருகை ஊனுண்ணி, அல்காக்கள் அதற்கு உணவளிப்பதில்லை என்று அவர் முடிவு செய்தார். 1950களின் பின், கதிரியக்கக் காபனைக் கொண்டு செய்த சோதனைகள் அம்முடிவை மாற்றின. அல்காக்கள் ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவின் பெரும்பங்கு முருகைக்கே செல்கிறது. அதன் சக்தித் தேவையில் 90 வீதம் வரை அவ்வழியாகவே கிடைக்கலாம். முருகைக்கு வேண்டுவது இரை மட்டுமன்று, வெயில் என்பது இதனாற் புலனாயிற்று. இருண்ட மண்டபத்திலே தொட்டியை வைத்து, இறைச்சித் துண்டுகளை இட்டு முருகையை வளர்க்க முயல்வது வீண் என்பதும் விளங்கிற்று.

தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு. இராமேசுவரத்தின் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்த எட்கர் தேர்ஸ்ரனின் முயற்சியால் உருவான மீன்காட்சிச்சாலை, 1909இல் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. ஆயினும் முருகையைத் தொட்டியில் வாழவைத்த பெருமை வேறு இடங்களுக்கு உரியது. 1956இல் நியூ கலிடோனியாவின் நூமியாவிலே கத்தலா என்பவர் நிறுவிய காட்சிச்சாலையில், கடலிலிருந்து இடையறாது பாயும் நீரில் முருகைகள் வளர்ந்தன. புறவூதா ஒளியில் அவை பச்சையும் செம்மஞ்சளுமாக ஒளிர்ந்ததை அவர் உலகுக்குக் காட்டினார். கடலருகே வாழாதவர் என்செய்வது? யகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் அதற்கு வழி கூறினார். உயிர்கள் ஒட்டிய கடற்பாறையைத் தொட்டியில் இட்டு, வெயில் படும்படி வைத்து, காற்றுக் குமிழிகளை மட்டும் செலுத்தினார். வடிகட்டி எதுவும் அவர் வைக்கவில்லை. பாறையிலிருந்த பற்றீரியாக்களே நீரைத் தூய்மை செய்தன.

ஆனாலும் கன்முருகைகள் நெடுநாள் தங்கவில்லை. எலும்புக்கூடு கட்டுவதற்கு அவை நீரிலிருந்து கல்சியத்தை இடைவிடாது எடுக்கின்றன. மூடிய தொட்டியில் அது குறைந்துகொண்டே போகும். 1970களில் பீற்றர் வில்கென்ஸ் இதற்குக் கண்ட மருந்து, தமிழர் வீட்டில் வெற்றிலைத் தட்டத்தில் இருப்பதே: சுண்ணாம்பு. ஆவியாகிப் போன நீருக்கு ஈடாகத் தெளிந்த சுண்ணாம்பு நீரைத் தொட்டியில் விட்டபோது முருகைகள் வளரலாயின. ஒரு காலத்தில் சூளையிலே முருகையைச் சுட்டுப் பெற்ற பொருள், மற்றொரு காலத்தில் முருகைக்கு உணவாயிற்று. கடையிற் கிடைக்கும் வெற்றிலைச் சுண்ணாம்பை அப்படியே கரைத்துவிடலாகாது. அதில் பிற பொருள்கள் கலந்திருக்கக்கூடும். தூய சுண்ணாம்பேயாயினும் அதன் காரம் கடுமையானது. ஆதலால், விரும்பத்தக்க முறை இரவில் துளித்துளியாக விடுவதே.

இனி, புதிதாகத் தொட்டி அமைப்பவர் எம்முருகையைத் தெரிந்தெடுப்பது என்ற வினா. காங்கேசன்துறைக் கடலே இதற்கு ஓரளவு விடை கூறும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அக்கரையின் அலைகள் உக்கிரமானவை. மணலும் சேறும் கிளம்பி நீர் கலங்கும். குடாநாட்டைச் சூழ்ந்த ஆழமற்ற கடலில், கிளைவிட்டுப் படரும் அக்குரோப்போரா போன்றவற்றினும், உருண்டு திரண்ட பொரைற்றீசும் மூளை வடிவான பேவியா, பேவைற்றீசு முதலியனவும் எளிதில் நிலைபெறுகின்றன. கிளைமுருகை ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடும். திரண்ட பொரைற்றீசு வளர்வது ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர். விரைந்து வளர்வது எளிதில் ஒடிகிறது. மெல்ல வளர்வது பொறுத்துக்கொள்கிறது. 1998இல் இந்து சமுத்திரம் சூடேறி முருகைகள் வெளிறியபோதும் இந்த வேறுபாடே பெரும்பாலும் காணப்பட்டது. இலங்கையின் தென்கரையில் கிளைமுருகைகள் பெருமளவில் அழிய, திரண்டவற்றுட் பல மீண்டன.

எனினும் கடலில் வலிமையுடையது தொட்டியிலும் வலிமையுடையதாக இருக்கும் என்று கொள்ளுதல் பிழை. கலங்கிய நீரிற் செழிக்கும் கொனியோப்போராவே இதற்குச் சான்று. பூங்கொத்துப்போல் விரியும் அதன் அழகில் மயங்கி வாங்கியவர்கள் பலர். பல ஆண்டுக்காலம் அது தொட்டிகளிற் சில மாதங்களில் மெலிந்து மடிந்தது. செம்மஞ்சள் நிறச் சூரியமுருகையும் அத்தகையதே. அதன் உடலில் அல்கா இல்லை. எத்துணை விளக்கேற்றினும் பயனில்லை. ஒவ்வொரு வாய்க்கும் இரை ஊட்ட வேண்டும். பெயரில் சூரியன், வாழ்வில் இருள்!

தொடங்குவோருக்கு ஏற்றவை என அனுபவமுடையோர் கருதுவன வேறு. காம்புகளின் நுனியில் தனித்தனித் தலைகளாக வளரும் கோலஸ்திரியா, மிதமான ஒளியோடும் மெல்லிய நீரோட்டத்தோடும் அமைந்துவிடும். பேவியா, பேவைற்றீசு ஆகிய மூளைமுருகைகளும் அவ்வாறே. ஆனால் இவை இரவில் நீண்ட கொட்டும் இழைகளை நீட்டி அயலவரைத் தாக்கும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஒரு சாண் இடமாவது வேண்டும். நீண்ட உணர்கொம்புகள் அசைந்தாடும் யூபிலியாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சிறுகிளை முருகைகளில் மனம் வைத்தோர் முதலில் மொன்ரிப்போராவை வைத்துப் பார்க்கலாம். அது ஓராண்டு செழித்து நின்றால், அக்குரோப்போராவைப் பற்றி எண்ணுவதற்கு அது தகுந்த சான்றாகும்.

இவற்றுள் எதனை வாங்கினும், தொட்டி நிறைந்த அன்றே வாங்கலாகாது. கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் நிலைபெறச் சில வாரங்கள் செல்லும். கன்முருகைக்கு அதற்கும் மேலாகச் சில மாதங்கள் பொறுப்பது நன்று. உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, வெப்பம் 25 முதல் 27 பாகை, கல்சியம் ஒரு லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல், மகனீசியம் 1300 அளவில்: இவை கடலின் அளவுகளே. எண் சரியாயிருப்பதிலும் அது நாள்தோறும் மாறாதிருப்பது முக்கியமானது. வழக்கமான கோடை வெப்பத்தினும் ஒரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தாலே கடலில் முருகை வெளிறிவிடுகிறதென்றால், சிறு தொட்டியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

காங்கேசன்துறையிலோ இராமேசுவரத்திலோ வாழும் ஆர்வலருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. கடலில் இறங்கி ஒரு துண்டை ஒடித்து வருதல் எளிது; அதற்குச் சட்டம் இடந்தரவில்லை. இலங்கையில் 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பேணற் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுத்தது. தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் கன்முருகைகளையும் தன் காப்பில் வைத்துள்ளது. இந்தியா 2001இல் அவற்றை வனவிலங்குச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிற் சேர்த்தது. நாடுகளுக்கிடையிலான வாணிகத்துக்கோ அனுமதிப் பத்திரம் வேண்டும். இத்தடைகள் வீண் கெடுபிடிகளல்ல. ஒரு மீற்றர் உயரமுள்ள பொரைற்றீசு, மெல்ல மெல்ல எழுந்து அவ்வளவாக ஒரு நூற்றாண்டு சென்றிருக்கும். அதனைக் கெடுக்க ஒரு சுத்தியல் போதும்.

தொட்டிகளில் வளர்ந்த தாய்முருகையிலிருந்து நறுக்கி, சிறு கல்லில் ஒட்டி வளர்த்த துண்டுகளே இன்று பல நாடுகளில் விற்கப்படுகின்றன. ஹவாயின் வைக்கிக்கி மீன்காட்சிச்சாலை போன்ற நிலையங்கள் இம்முறையை வளர்த்தெடுத்தன. தொட்டியிலே பிறந்த துண்டு தொட்டிக்கு முன்னமே பழகியது. கடலிலிருந்து ஒடித்ததினும் பெரும்பாலும் உறுதியாக வாழ்கிறது.

காங்கேசன்துறையை அடுத்த கடலோ, போரினால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆராய்ச்சியாளருக்கு எட்டாதிருந்தது. 2017-18இல் குடாநாட்டைச் சூழ்ந்த முருகைப் பாறைகளில் ஆய்வாளர்கள் இறங்கிக் கணக்கெடுத்தனர். 2021இல் வெளிவந்த அவர்கள் அறிக்கையில், அதுவரை இலங்கையில் இருப்பதாக அறியப்படாத 36 முருகை இனங்கள் இடம்பெற்றன.