மணலுக்குள் பக்கவாட்டில் ஊரும் நீர்: கசிவுக் கணக்கின் வளர்ச்சி (1856–1936)

மணல் ஆற்றின் குறுக்கே எழும் அணைக்கட்டுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. மேலே வழிந்தோடும் வெள்ளம் கண்ணுக்குத் தெரியும். தளத்துக்கு அடியில், மணலுக்குள் பக்கவாட்டில் ஊர்ந்து கீழ்ப்புறத்தில் ஊற்றாகக் கிளம்பும் நீர் தெரியாது. இந்த இரண்டாவது ஆபத்து கணக்குக்குள் வர 80 ஆண்டுகள் ஆயின. அதற்குள் பொறியாளர்கள் கேட்ட கேள்வியே மாறிவிட்டது. நீர் எவ்வளவு தூரம் ஊர்கிறது என்று கேட்டவர்கள், வெளியேறும் இடத்தில் அது மணலை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கணக்குக்கு முன்பே கைப்பழக்கம் இருந்தது. கொள்ளிடத்தில் 1836இல் மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் இடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாக எழுதியிருக்கிறார். ஆனால் கைப்பழக்கத்தை இன்னொரு ஆற்றுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. அதற்கு எண் வேண்டும்.

முதல் எண் பிரான்சிலிருந்து வந்தது. திஜோன் நகரக் குடிநீர்த் திட்டம் பற்றிய நூலை ஆன்றி டார்சி 1856இல் வெளியிட்டார். அதன் பின்னிணைப்பில் ஒரு சோதனை இருக்கிறது. நிமிர்த்தி வைத்த இரும்புக் குழாயில் மணலை நிரப்பி, அதன் வழியே நீரைச் செலுத்தி அளந்தார். கசியும் அளவு, நீர்மட்ட வேறுபாட்டுக்கு நேர்விகிதத்திலும் மணலின் நீளத்துக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருந்தது. குழாய் நின்றிருந்ததால் நீரும் மேலிருந்து கீழேதான் போனது. கிணறுகளையும் வாய்க்கால்களையும் நோக்கிக் கிடையாகப் பாயும் நிலத்தடி நீருக்கு இவ்விதியை 1863இல் விரித்தவர் ழுல் ட்யூப்யுயி.

அணைக்கட்டுகளுக்கு இந்த விதி வந்து சேர்ந்தது பஞ்சாபிலும் கங்கைச் சமவெளியிலும். அதுவும் உடைப்புகளின் விலையில். செனாப் ஆற்றின் காங்கி அணைக்கட்டு 1895இல் சேதமுற்றது. ரூர்க்கியில் பொறியாளர் கிளிபார்ன், அந்த ஆற்று மணலையே குழாயில் அடைத்துச் சோதித்தார். கங்கையின் நரோராவில் பொறியாளர் பெரஸ்ஃபோர்ட், தளத்தைத் துளைத்துக் குழாய்களை நட்டு, அடியிலுள்ள நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். தளத்தைக் கீழிருந்து உந்தும் அழுத்தம் அப்படித்தான் அளவுக்குள் வந்தது. நரோரா அணைக்கட்டு 1898இல் உடைந்தது.

இந்த அனுபவங்களைச் சூத்திரமாக்கியவர் டபிள்யூ. ஜி. ப்ளை. நீர் தளத்தின் அடிப்பரப்பை ஒட்டியே ஊர்கிறது, கிடையாகவோ செங்குத்தாகவோ போகும் ஒவ்வொரு அடி தூரமும் ஒரே அளவு அழுத்தத்தைக் குறைக்கிறது என்பது அவர் கொள்கை. ஊர்வு நீளத்தை நீர்மட்ட வேறுபாட்டால் வகுத்தால் இமாலய ஆறுகளின் நுண்மணலுக்கு 15, நைல் வண்டலுக்கு 18 வரவேண்டும். எளிமையான இந்த விதி வேகமாகப் பரவியது.

கிடைத் தூரத்தையும் செங்குத்துத் தூரத்தையும் சமமாக வைத்ததிலேயே விதியின் ஓட்டை இருந்தது. கான்கிரீட் தளத்துக்கு அடியில் மண் சற்றே அமிழ்ந்தால் இடைவெளி விழும். நீர் தடையின்றிப் பக்கவாட்டில் ஓடும். நீரைத் தடுக்க மணலுக்குள் செங்குத்தாக இறக்கிய தாள்பலகையையோ (sheet pile) மண் இருபுறமும் நெருக்கிக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்கு, ஆற்று வண்டல் படலம் படலமாகப் படிவது. குறுக்கே ஊடுருவுவதைவிடப் படலத்தோடு ஓடுவது நீருக்கு எளிது.

ஈ. டபிள்யூ. லேன் 200க்கும் மேற்பட்ட அணைகளை ஆராய்ந்து, 1935இல் கிடைத் தூரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பே தந்தார். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீர்மட்ட வேறுபாடு 3 மீட்டர், தளம் 39 மீட்டர், தாள்பலகை ஆழம் 3 மீட்டர். பலகையின் இருபக்கமும் சேர்த்து ப்ளை கணக்கில் 45 மீட்டர். வகுத்தால் 15, தேர்ச்சி. லேன் கணக்கில் 13உம் 6உம் சேர்ந்து 19 மீட்டர், வகுத்தால் 6.3. நுண்மணலுக்கு அவர் கேட்டது 7. அதை எட்டத் தளத்தை 6 மீட்டர் நீட்டலாம், அல்லது பலகையை 1 மீட்டர் கூடுதலாக இறக்கலாம்.

லேன் சரியான விடையை எண்ணிக்கையால் பிடித்தார். காரணத்தைக் காட்டியவர் ஏ. என். கோஸ்லா. ப்ளை விதிப்படி வடிவமைத்த மேல் செனாப் கால்வாயின் சைஃபன்களில் 1926–27இல் கோளாறு கண்டது. தளத்தினடியில் குழாய்கள் பதித்து அளந்தபோது அழுத்தம் ப்ளை சொன்னபடி இறங்கவில்லை. என். கே. போஸ், மெக்கென்ஸி டெய்லர் ஆகியோருடன் சேர்ந்து கோஸ்லா எழுதிய நூலை மத்தியப் பாசன வாரியம் 1936இல் வெளியிட்டது. நீர் தளத்தின் அடியை ஒட்டி ஊர்வதில்லை. மண்ணுக்குள் வளைந்த பாதைகளில் பரவுகிறது, வெப்பம் பரவுவதற்கான அதே லாப்லாஸ் சமன்பாட்டுக்கு உட்பட்டு. வெளியேறும் இடத்தில் அழுத்தச் சரிவு மணலின் எடையை வென்றால் மணல் துகள் துகளாகக் கிளம்பும். அரிப்பு பின்னோக்கி அணைக்கு அடியே சுரங்கமாக வளரும். நுண்மணலில் அந்தச் சரிவு 1/6 முதல் 1/7க்குள் அடங்க வேண்டும் என்றார்.

கீழ்முனையில் செங்குத்துத் தடுப்பு இல்லாவிட்டால் இச்சரிவு கோட்பாட்டளவில் முடிவிலி. தளம் 40 மீட்டரானாலும் 400 மீட்டரானாலும் இதில் மாற்றமில்லை. ஆனால் ப்ளை விதியில் பலகை எங்கே இருந்தாலும் ஒன்றுதான். ப்ளையின் பெரும் பிழை எது என்றால், கிடைத் தூரத்துக்குக் கூடுதல் மதிப்புத் தந்ததைவிட இதையே சொல்வேன். சிறு வாய்க்கால் கட்டுமானங்களுக்கு அவருடைய எண்கள் போதும்; ஆற்று மணல்மேல் நிற்கும் எதற்கும் கோஸ்லா கணக்கின்றி வரைபடத்தில் கையெழுத்திடக் கூடாது.