கல்வராயன் மலையும் இரு குருமாரின் தாவரவியலும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலைத்தொடர் கண்ணில் படும். வெள்ளிமலைக்குச் செல்லும் பாதையில் நாம் பன்முறை பயணம் செய்திருக்கிறோம். வழியோரத்து மரங்களை அறிய முயன்றதில்லை. முயல வைத்தது ஒரு மாணவரின் வினா.

"ஆறு நாளில் படைப்பு முடிந்தது என்று மறைக்கல்வியில் படித்தேன். பரிணாமம் என்று தேர்வில் எழுதுகிறேன். இரண்டில் எங்கே நான் பொய் சொல்கிறேன், ஐயா?"

இலக்கியம் பயின்ற நமக்கு உடனே விடை தோன்றவில்லை. தத்துவ நூல்களைப் புரட்டுவதற்கு முன், இரண்டையும் சேர்த்தே வாழ்ந்தவர்கள் இம்மண்ணில் உண்டா எனத் தேடினோம்.

முதலில் நினைவுக்கு வந்தவர், தமிழ் கற்றோர் அகராதிக்காரராக அறிந்த ராட்லர். 1749-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்து, 1776-இல் லுத்தரன் குருவாகத் தரங்கம்பாடி வந்தவர். அவர் தொகுத்த தமிழ் - ஆங்கில அகராதி 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. முழுமையும் அச்சேறுமுன், 1836-இல் அவர் மறைந்தார். சொற்களைச் சேர்த்த அதே கைகள் செடிகளையும் உலர்த்திச் சேர்த்தன. கபிலப்பொடி தரும் மரத்துக்குத் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க், 'ராட்லெரா' என்று அவர் பெயரையே சூட்டினார். இன்று அம்மரம் 'மல்லோட்டஸ்' என்னும் பேரினத்தில் வைக்கப்படுகிறது. சான்று மாறினால் பெயரும் மாறும். மதிப்பிற்குரிய குருவின் பெயராயினும் அறிவியலில் விலக்கில்லை.

ராட்லர் வாழ்ந்தது டார்வினுக்கு முற்பட்ட காலம். உயிரினங்கள் மாறாதவை என்று அன்று அறிஞர் பலரும் கருதினர். ஆகவே அவருக்கு நம் மாணவரின் இடர் நேர்ந்திராது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. 1859-இல் டார்வினின் நூல் வெளிவந்த பின்னரே வினா கூர்மையடைந்தது.

எனவே நம் காலத்துக்கு அணித்தான இன்னொருவரைக் காண்போம். சேசு சபைக் குருவான கே.எம். மேத்யூ (1930 - 2004), திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவினார். கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை உள்ளிட்ட நிலப்பரப்பின் தாவரங்களை ஆராய்ந்து அவர் உருவாக்கிய 'தமிழ்நாடு கர்நாடிக் தாவரவளம்' 1981 முதல் 1983 வரை வெளிவந்தது. நம் மலையின் செடிகளும் அதில் இடம்பெற்றன.

உலர்தாவரத் தாள் ஒன்றில் என்ன இருக்கும்? அழுத்திக் காயவைத்த செடி, கிடைத்த இடம், நாள், சேகரித்தவர் பெயர். சேகரித்தவரின் சமயத்துக்கு அதில் கட்டம் இல்லை. பிழை கண்டால் எவரும் திருத்தலாம். அத்திருத்தத்துக்கு அஞ்சாமல் ஒரு குரு தம் வாழ்நாளை அதில் செலவிட்டார் என்பதே நமக்குக் கிடைத்த சான்று.

அவருடைய திருச்சபையும் அசையாது நிற்கவில்லை. பரிணாமத்தை ஆராய்வதற்குத் தடையில்லை என்று 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதினார். அது வெறும் கருதுகோளைவிட மேலானது என்று 1996-இல் இரண்டாம் ஜான் பால் ஏற்றார். எல்லாச் சபைகளும் இவ்வாறு கருதுவதாகக் கூற இயலாது.

மாணவரிடம் இவற்றைச் சொல்லி, "தேர்வில் பரிணாமத்தை எழுதுவது பொய்யன்று. தொடக்கநூல், படைத்தவர் யார் என்று பேசுகிறது, செடி எவ்வாறு மாறி வந்தது என்பதைச் செடியிடம்தான் கேட்க வேண்டும்" என்றோம். அவர் முழுதும் அமைதியடைந்தாரா என அறியோம். அடுத்த முறை வெள்ளிமலை செல்கையில் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மரங்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ள ஒரு குறிப்பேட்டோடு.