பிற மரங்களின் நிழலில் ஒரு பயிர்

குற்றாலம் என்றதும் நமக்கு அருவியே நினைவுக்கு வரும். கோகோ மரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த இடமும் அதுவே. அமேசான் காட்டைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் கிரியோல்லோ வகையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அம்போய்னா தீவிலிருந்து வருவித்து, 1798-ஆம் ஆண்டில் அங்கே நட்டனர். எனினும் அது உழவர் பயிராகப் பரவவில்லை.

அதற்கு 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1965-இல் காட்பரி நிறுவனம் வயநாட்டில் மாதிரிப் பண்ணை அமைத்த பின்னரே கேரள உழவர் கோகோவை நாடலாயினர். ஆனால் புதுப் பயிருக்கென ஒதுக்க அவர்களிடம் வெற்று நிலம் ஏது? ஆகவே முன்பே நின்ற மரங்களின் கீழ் அதை நட்டனர்.

பிரேசிலின் பாகியா மாநிலத்தில் காட்டின் பெருமரங்களை விட்டுவைத்து, கீழ்ச் செடிகளை நீக்கிக் கோகோ வளர்ப்பர். அதற்குக் காப்ரூக்கா என்று பெயர். வேறு சில நாடுகளில் காட்டை முற்றும் அழித்துத் திறந்த வெயிலில் நடுவதும் உண்டு. தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் இவ்விரு பிரிவுகளும் பெரிதும் பயன்படா. இங்கே கோகோத் தோட்டத்தின் வகையை அறிய, கோகோவைப் பாராமல் அதன் மேலே நிற்கும் மரத்தையே பார்த்தல் வேண்டும்.

பாலக்காட்டிலும், எல்லைக்கு இப்பால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கங்களிலும் அம்மரம் பெரும்பாலும் தென்னை. ஏறத்தாழ ஏழரை மீட்டர் இடைவெளியில் நிற்கும் தென்னைகளின் நடுவே வேண்டிய அளவு ஒளி இறங்கும். குறை நீரிலேதான், கணவாய் வழியே வீசும் வறண்ட காற்று ஈரத்தைக் குடித்துவிடும். பாசனமின்றி இளங்கன்று தேறாது. இடுக்கியின் புரையிடங்களிலோ மிளகுக் கொடி, காப்பி, பலா, கமுகு யாவும் நெருங்கி நிற்கும். அங்கே மழைக்குக் குறைவில்லை. நிழல் மிகுவதே இடர். ஆடிச் சாரலில் காற்றோட்டமின்றிக் கரும்புள்ளி படர்ந்து காய்கள் அழுகும். ஓரிடத்தில் நீர் பாய்ச்சும் கவலை, மற்றோரிடத்தில் கிளை கழிக்கும் கவலை. ஒரே அறிவுரையை இரு இடத்தார்க்கும் கூறுவது பொருந்தாது.

இவ்வகைப்பாட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. 1970-களின் இறுதியில் கோகோ விலை சரிந்து, கொள்வாரின்றி உழவர் திகைத்தனர். பலர் மரங்களை வெட்டி எறிந்தனர். கேரள, கர்நாடகப் பாக்கு உழவர்களுக்காக 1973-இல் தோன்றிய காம்ப்கோ கூட்டுறவு, கோகோக் கொள்முதலிலும் இறங்கியது. 1986-இல் புத்தூரில் சாக்லேட் ஆலையும் நிறுவிற்று. அதுவரை பல குடும்பங்களைத் தாங்கியவை மேலே நின்ற மரங்களே என்பது நம் கருத்து. கோகோவை வெட்டியவன் தென்னையை இழக்கவில்லை, மிளகையும் இழக்கவில்லை.

2024-இல் மேற்கு ஆப்பிரிக்க விளைச்சல் குன்றியபோது, இடுக்கியில் உலர்ந்த கோகோ விதை கிலோ ஆயிரம் ரூபாயைக் கடந்தது. பிற பயிரை நீக்கிவிட்டுக் கோகோவை மட்டும் வைக்கலாமா என்ற ஆசை அப்போது எழுவது இயல்பே. 2025-இல் விலை மீண்டும் வீழ்ந்தது.