மாசின்மேல் விழுந்த பழி

தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் நின்று நோக்குவோருக்குக் கடல் நீலமாகத் தோன்றுவது ஆகாயத்தின் பிரதிபிம்பத்தினால்தான் என்று ராலே பிரபு போன்ற மேதைகளே கருதியிருந்த காலத்தில், 1921ஆம் ஆண்டு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிய சி. வி. ராமன், நிகல் பட்டகமொன்றின் உதவியால் நீர்ப்பரப்பில் பட்டு மீளும் ஒளியை விலக்கிப் பார்த்து, அந்நீலம் நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்வதால் உண்டாவதென்று துணிந்தார்.

அதன்பின் கல்கத்தாவின் பௌபஜார் வீதி ஆராய்ச்சிச்சாலையில் தென்னாட்டு இளைஞர் பலர் திரவங்களின் ஊடே ஒளியைச் செலுத்தி ஆராயலாயினர். 1923இல் பாலக்காட்டுக் கே. ஆர். ராமநாதன், நீரில் சிதறிய ஒளியுடன் அந்நிய வர்ணம் ஒன்று மங்கலாகக் கலந்திருக்கக் கண்டார். எஞ்சிய மாசின் ஒளிர்வே அது என்று எண்ணினர். ஆனால் எத்தனை முறை சுத்திகரித்தும் அது அகலவில்லை.

1898இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1928 பிப்ரவரியில் ராமனுடன் மீண்டும் இவ்வினாவைக் கையிலெடுத்தார். வெற்றிடத்தில் திரும்பத் திரும்ப வாலைவடித்த சுமார் 60 திரவங்கள் சோதிக்கப்பட்டன. 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி வில்லையால் குவித்த சூரிய ஒளியின் வழியில் நீல ஊதா வடிகண்ணாடியையும் பசுமஞ்சள் வடிகண்ணாடியையும் சேர்த்து வைத்தால், திரவத்துள் ஒளித்தடம் அடியோடு மறைந்துபோகும். பின்னதை மட்டும் எடுத்துத் திரவத்துக்கும் கண்ணுக்கும் இடையே வைத்த மாத்திரத்தில் தடம் மறுபடி தோன்றிற்று. உள்ளே புகாத வர்ணம் வெளியே வந்தது! அவ்வொளி ஒரே தளத்தில் அதிரும் இயல்பைப் பெரிதும் காட்டியமையால், சாதாரண ஒளிர்வு என்ற சந்தேகமும் நீங்கிற்று. மூலக்கூறு, தன்மேல் விழும் ஒளியின் சக்தியில் ஒரு பங்கைத் தன் அதிர்வுக்கென எடுத்துக்கொண்டு மிச்சத்தை வேறு நிறமாக வெளியிடுகிறது.

இருவர் பெயரையும் தாங்கிய கடிதம் மார்ச் 31ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. 1930இல் நோபல் பரிசு ராமனை வந்தடைந்தது. டாக்காவுக்குச் சென்ற கிருஷ்ணன் பளிங்குகளின் காந்த குணங்களை ஆராய்ந்து, 1940இல் ராயல் சொஸைட்டி அங்கத்தினராகி, பின்னர் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநரானார்.

ஒவ்வொரு பொருளும் எடுத்துக்கொள்ளும் பங்கு வேறுபடுவதால், அந்த ஒளியே பொருளுக்கு அடையாளமாகிறது. மாசினால் விளைந்த பிழையென்று ஐந்தாண்டுக் காலம் ஐயுறப்பட்ட அதைக் கொண்டே இன்று ரசாயன நிபுணர்கள் மருந்திலும் பிறவற்றிலும் கலந்துள்ள மாசைக் கண்டுபிடிக்கின்றனர்.