மடங்கும் கோணமும் தொடைத் தசையும்: முழங்கால் மாற்று அறுவைக்குப் பிந்தைய பயிற்சி வளர்ந்த வரலாறு

முழங்கால் மூட்டை மாற்றும் அறுவை நிலைபெறுவதற்கு முன்பே, நோயுற்ற மூட்டை அசைக்கலாமா கூடாதா என்ற வழக்கு மருத்துவர்களிடையே மூண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் முழுமையான, இடையறாத, நெடிய ஓய்வே மருந்து என்றார். அவர் பெயர் தாங்கிய உலோகச் சட்டம் இன்றும் எலும்பு மருத்துவத்தில் புழங்குகிறது. முறிந்த எலும்பைக்கூட இதமாகப் பிடித்துவிட்டு விரைவில் அசைக்க வேண்டும் என்று பாரிஸில் லூகா சாம்பியோனியே வாதிட்டார். தாமஸின் கட்சியே நெடுங்காலம் ஓங்கியிருந்தது.

படுக்கை ஓய்வின் மீதான நம்பிக்கை 1940களில் ஆட்டங்கண்டது. 1945இல் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், சுமையைப் படிப்படியாகக் கூட்டித் தசையை மீட்கும் முறையை வெளியிட்டார். காயம்பட்ட படைவீரர்களின் நலிந்த தொடை முன்தசையே அதன் முதன்மையான களம். ஈராண்டு கழித்து ரிச்சர்ட் ஆஷர், நோயாளியைப் படுக்கையில் கிடத்துவதால் விளையும் தீங்குகளை ஒரு பிரிட்டிஷ் இதழில் வரிசையாக எடுத்துக்காட்டினார்.

மாற்று மூட்டின் கதை தனியே ஓடியது. 1950களில் வால்டியஸ், ஷியர்ஸ் ஆகியோர் கதவுக் கீல் போன்ற மூட்டுகளைப் பொருத்தினர். 1968இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டனில் ஃபிராங்க் கன்ஸ்டன், எலும்பு முனைகளின் மேற்பரப்பை மட்டும் மாற்றும் வடிவத்தைக் கொணர்ந்தார். 1974இல் நியூயார்க்கில் பயன்பாட்டுக்கு வந்த முழுக் குமிழ் வடிவமே இன்றைய மூட்டுகளுக்குத் தாய். அந்நாளில் அறுவை முடிந்த காலுக்குத் தடித்த கட்டும் தாங்குச் சட்டமும் போட்டுச் சில நாள் அசையாமல் வைப்பது வழக்கம். முழங்காலின் முன்பக்கத் தோலுக்கடியில் சதைப்பற்று குறைவு. புண் பிரிந்தால் உள்ளிருக்கும் உலோகம் வரை கிருமி இறங்கிவிடும் என்ற அச்சத்தில் நியாயமும் இருந்தது.

கட்டு அவிழ்ந்த பிறகு எதை இலக்காகக் கொள்வது? இதற்கு விடை தந்தது கோணமானி. அன்றாட வேலைகளுக்கு எவ்வளவு மடக்கம் வேண்டும் என்பதை அளந்த 1972ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, படியேற ஏறத்தாழ 83 பாகை, நாற்காலியில் அமர 93 பாகை, காலணிக் கயிறு கட்ட 106 பாகை என்று கண்டது. 90 பாகை என்பது மருத்துவமனையை விட்டு வீடு செல்ல அனுமதிச் சீட்டு போலாயிற்று. இது நாற்காலியில் அமரும் மக்களின் அளவு என்பதை மறக்கலாகாது. சம்மணமிட்டு உண்ணவும் குந்தி அமரவும் பழகிய நம் வீடுகளில் தேவை 110 பாகைக்கும் மேல்.

கோணத்தின் மீதிருந்த இந்தப் பிடிப்பே இயந்திரத்துக்கு வழி திறந்தது. டொரான்டோவின் ராபர்ட் சால்டர் 1970களில் முயல்களை வைத்துச் செய்த சோதனைகளில், ஓயாது மெல்ல அசைக்கப்பட்ட மூட்டின் குருத்தெலும்பு நன்றாக ஆறுவதைக் கண்டார். பொறியாளர் ஜான் சாரிங்கரின் துணையோடு மனிதருக்கான தொடர் இயக்கக் கருவி உருவாயிற்று. நோயாளி காலைத் தொட்டிலில் வைத்துப் படுத்திருக்க, மின்விசை அதை மடக்கி நீட்டும். 1980களில் மாற்று மூட்டு நோயாளிகளின் கட்டில்களுக்கும் அது வந்துவிட்டது. சால்டரின் கொள்கை உயிருள்ள குருத்தெலும்பைப் பற்றியது; மாற்றிய மூட்டிலோ உலோகமும் பாலிஎத்திலீனுமே உரசுகின்றன. திசுக்கள் ஒட்டி இறுகாமல் காக்கும் என்ற எதிர்பார்ப்பே கருவியை அங்கே நிலைக்கவைத்தது. 24 சோதனைகளையும் 1445 நோயாளிகளையும் தொகுத்து ஆராய்ந்த 2014ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு, அதனால் கிடைத்த கூடுதல் மடக்கம் சராசரியாக 2 பாகையே என்றது. நடக்கும்போது அந்த வேறுபாடு எவருக்கும் தெரியாது.

இயந்திரம் தொடாத இடத்தில்தான் உண்மையான சிக்கல் கிடந்தது. 1965இலேயே டி ஆன்ட்ராட், கிரான்ட், டிக்சன் ஆகியோர் முழங்காலுக்குள் திரவத்தைச் செலுத்திப் பார்த்து, மூட்டு வீங்கினால் தொடை முன்தசை தானே அடங்கிப்போவதைக் காட்டியிருந்தனர். மூட்டிலிருந்து எழும் நரம்புச் செய்தி தண்டுவடத்தில் தசைக்கான கட்டளையைத் தடுக்கிறது. நோயாளி முயன்றாலும் தசை முழுதாக இயங்காது. மாற்று அறுவைக்குப் பின் இந்த நலிவு எவ்வளவு என்பதை அளந்தபோது ஆய்வாளர்களே திகைத்திருப்பார்கள். 2005இல் மிஸ்னர் குழு அறுவைக்குப் பின் ஒரு மாத அளவில் 62 விழுக்காடு வலிமை இழப்பைக் கண்டது. 2010இல் டென்மார்க்கின் ஹோல்ம் குழு, வீடு திரும்பும் வேளையில் முழங்காலை நீட்டும் வலிமை 83 விழுக்காடு குறைந்திருப்பதையும் அது வீக்கத்தோடு தொடர்புடையதென்பதையும் பதிவுசெய்தது. படுத்தபடி தொடையை இறுக்கித் தளர்த்துவது, காலை நீட்டியபடி உயர்த்துவது, குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்குவது, கணுக்காலை அசைப்பது போன்ற எளிய பயிற்சிகளும் ஐஸ் ஒத்தடமும் இந்தப் பின்னணியில்தான் பொருள்படுகின்றன. தசையை மின்துடிப்பால் தூண்டும் முறையும் இதே காரணத்துக்காக அறுவைக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்தே சோதிக்கப்பட்டது.

நோயாளியை எழுப்பி நிறுத்த வலி இடம் தரவேண்டும். இதில் திருப்பத்தை உண்டாக்கியவர் பயிற்சி வல்லுநர் அல்லர், டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட். அறுவை தரும் உடல் அதிர்ச்சியையே குறைத்து மீட்சியை விரைவாக்கும் அவரது 1990களின் திட்டம் மூட்டு அறுவைக்கும் பரவியது. 2008இல் சிட்னியின் கெர், கோஹன் இருவரும் மூட்டைச் சுற்றிலும் மரப்பு மருந்தைச் செலுத்தும் முறையை விளக்கினர். கால் தசையை முடக்காமல் வலியை அடக்கியதால், அறுவை நடந்த அன்றே வாக்கர் பிடித்து நடப்பது இயல்வதாயிற்று. 24 மணி நேரத்துக்குள் பயிற்சி தொடங்கியவர்கள் இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடங்கியவர்களைவிட ஏறத்தாழ 2 நாள் முன்னதாக வீடு சென்றனர் என்று 2011இல் ஒரு ஸ்பானிய ஆய்வு கூறியது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020இல், இயன்றால் அன்றே, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் பயிற்சி தொடங்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது.

எப்போது தொடங்குவது என்பது இவ்வாறு தீர்ந்தது. எவ்வளவு கடுமையாகச் செய்வது என்பது தீரவில்லை. சுமை கூட்டும் பயிற்சியை முதல் வாரத்திலேயே சேர்த்த டேனிஷ் சோதனை (2014), கடும் பயிற்சியை மென்பயிற்சியோடு ஒப்பிட்ட 162 பேர் கொண்ட அமெரிக்கச் சோதனை (2017) ஆகிய இரண்டிலும் எதிர்பார்த்த மேம்பாடு கிட்டவில்லை. ஆயினும் அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தொடர் இயக்கக் கருவியைக் கைவிடச் சொல்லிவிட்டு, முதல் 7 நாளுக்குள் வலுவான தசைப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. சான்றுகளுக்கும் பரிந்துரைக்கும் இடையே சற்று இடைவெளி இருப்பதாகவே தோன்றுகிறது. எங்கே பயில்வது என்ற கேள்விக்கு விடை தெளிவு: சிக்கலின்றித் தேறிய 165 பேரை வைத்து நடந்த 2017ஆம் ஆண்டு சிட்னி ஆய்வில், 10 நாள் மறுவாழ்வு மையத்தில் தங்கிப் பயின்றவர்கள் வீட்டிலிருந்தே பயின்றவர்களைவிட 26ஆம் வாரத்தில் அதிக தூரம் நடக்கவில்லை.