மைசூர் மன்னரும் மேனாட்டு வழிபாட்டு இசையும்

மைசூர் என்றதும் தசராவும் சாமுண்டி மலையும் நம் நினைவிற்கு வருகின்றன. அந்நகரில் வாழும் நம்மவர், பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களையும் நாள்தோறும் காண்கின்றனர். 1933ஆம் ஆண்டு அவ்வாலயத்திற்கு அடிக்கல் நாட்டியவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். பிற சமயத்தார் வழிபாட்டையும் போற்றிய அக்குடும்பத்தின் கொடை, அடுத்த தலைமுறையில் இசை வழியே கடல் கடந்து சென்றது. அவ்வரலாற்றை இங்குக் காண்போம்.

மேனாட்டுச் சங்கீதத்தின் பெரும் படைப்புகளுட் பல, கிறிஸ்தவ வழிபாட்டிற்கென எழுந்தவை. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஆலயத்தில், பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டிற்காக செபாஸ்டியன் பாக் இயற்றிய மத்தேயு திருப்பாடுகள் அவற்றுள் ஒன்று. இரண்டு பாடகர் குழுக்களும் இரண்டு வாத்தியக் குழுக்களும் வினாவும் விடையும் போல அதனை இசைக்கும். நம் வித்துவான் மனோதர்மத்தால் ராகத்தை விரிப்பது போன்றதன்று இது. பெரும்பாலும் ஒவ்வொருவர்க்கும் உரிய சுரங்கள் முன்னரே எழுதப்பட்டிருக்கும். பலர் கூடிப் பல நாள் பயின்றாலன்றி ஏட்டிலுள்ள இசை செவிக்கு எட்டாது. அப்பயிற்சிக்குப் பெரும்பொருள் வேண்டும்.

இலண்டனில் 1945ஆம் ஆண்டு வால்டர் லெக் என்பார் பில்ஹார்மோனியா என்னும் வாத்தியக் குழுவைத் தொடங்கினார். கலைத்திறன் நிறைந்த அக்குழுவிற்குப் பொருள் வளம் போதவில்லை. அந்நிலையில் கை கொடுத்தவர் மைசூர் மன்னர் ஜயசாமராஜ உடையார். பியானோ பயின்ற அவர், 1949 முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் பவுன் அளிக்க முன்வந்தார்.

மன்னர் விரும்பியது ஆலய இசையன்று. மெட்னர், பலாகிரெவ் போன்ற ருஷ்ய இசைஞர்களின் படைப்புகள் இசைத்தட்டில் பதிவாக வேண்டும் என்பதே அவர் வேட்கை. ஆயினும், நீர் வார்த்தவர் கருதாத கிளையிலும் மரம் காய்த்தது. கொடைக் காலம் முடிந்து ஆண்டுகள் பல சென்றபின், 1960, 61ஆம் ஆண்டுகளில், ஆட்டோ கிளெம்பரர் தலைமையில் அக்குழுவே மத்தேயு திருப்பாடுகளைப் பதிவு செய்தது. 1964இல் ஹாண்டலின் 'மெசாயா'வையும் இசைத்தது. இன்றும் அப்பதிவுகளைக் கேட்டு உருகுவோர் உளர். இடர்ப்பட்ட நாளில் அக்குழுவைத் தாங்கிய கைகளுள் தேவி உபாசகரான மைசூர் மன்னரின் கையும் ஒன்று.

அவரே தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட கிருதிகள் இயற்றியவர். 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராகவும் இருந்தார்.

இவ்வரலாறு வேற்று மாநிலத்தில் வாழும் நமக்குப் புதியதன்று. திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், மைசூர் அரசவை வித்துவானாக அமர்ந்து, சாமுண்டேசுவரியின் மீது கன்னடத்திற் கிருதிகள் பாடினார். தாய்மொழி தமிழாயினும் அவர் பக்தி கன்னடத்தில் குன்றவில்லை. பிறர் மொழியையும் பிறர் வழிபாட்டையும் வளர்ப்பதால் நம்முடையது குறைந்துவிடுமோ என்று ஐயுறுவோர், மைசூரின் இவ்விரு வரலாறுகளையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.